எதிர்மனுதாரர் என் வண்டியில் வந்தார்

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரத்தில் இது தொடங்கியது. திருவொற்றியூரில் கடற்கரைக்குப் போகும் ஒரு சின்னத் தெருவில், மாடி வீட்டில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். அங்கே குடிவந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது வந்தோம், அந்த வருடம் அவள் பத்தாம் வகுப்பு.

நான் டோல்கேட் பக்கத்தில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்க வேண்டும், வருகிறவர்களுக்கு டோக்கன் போட வேண்டும், பயத்தில் வாயைத் திறக்காத பிள்ளைகளிடம் கதை பேசித் திறக்க வைக்க வேண்டும். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் நகராமல் இரும்புக் கம்பி போட்டு இறுக்குகிற குழுவில் இருக்கிறார். காண்ட்ராக்ட்காரரிடம்தான். கப்பல் வந்தால் சம்பளம், வராவிட்டால் வீட்டில் இருந்து மகளுக்குத் தோசை சுடுவார்.

கீழ் வீட்டில் வீட்டுக்கார அக்கா தனியாக இருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கணவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் மாடியைக் கட்டினார். கட்டி முடித்த இரண்டாம் வருடம் இறந்துவிட்டார். ஒரே மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை, மனைவி குழந்தையோடு அங்கேயே வீடு எடுத்திருந்தார். அதனால் அக்காவுக்குப் பேச்சுத்துணை என்றால் நாங்கள்தான். பள்ளி விட்டதும் என் மகள் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போவாள். அங்கே சோறு சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, நான் வேலை முடிந்து வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு வருவாள். அக்கா நெத்திலிக் குழம்பு வைத்தால் எங்களுக்கு ஒரு கிண்ணம் வந்துவிடும். என்னை ‘டீ’ போட்டுத்தான் கூப்பிடுவார். என் அம்மாகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மாடிக்கு வந்தார். முட்டிவலி இருப்பதால் அவர் படியேறுவதே இல்லை. வேண்டியதைக் கீழே நின்று குரல் கொடுத்துச் சொல்வதுதான் வழக்கம்.

“இன்னாக்கா, கூப்ட்டிருந்தா நானே வந்திருப்பேனே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அக்கா உட்காரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் எங்கள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அடுத்த மாசத்துலேர்ந்து வாடக பதினெட்டாயிரம் குடுக்கணும். மெட்ரோ வந்த பின்னாடி இங்க எல்லா வூடும் ஏறிப்போச்சு. கம்பெனி ஆளுங்க தலைக்கு இவ்ளோன்னு குடுக்க ரெடியா கீறாங்க. முடியாதுன்னா வேற வூடு பாத்துக்கோங்க.”

அப்போது நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த வாடகை ஒன்பதாயிரம். ஆனால் அந்த நிமிஷம் என் காதில் விழுந்தது தொகை இல்லை. ‘பாத்துக்கோங்க’ என்றார். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் அக்கா என்னிடம் மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த மரியாதை அறை வாங்கியதுபோல் இருந்தது.

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். “ஒரேடியா ரெட்டிப்பா? இன்னாம்மே சொல்ற? அக்காவா கேட்டாங்க?” என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார். பிறகு இரண்டு மூன்று நாள் வேறு வீடு தேடினோம். எங்கள் வாடகைக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத ஒற்றை அறைகள்தான். கொஞ்சம் நன்றாக இருந்தவற்றுக்கு முன்பணமே எங்களால் எட்ட முடியாத அளவில் இருந்தது. மகள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, “பரீட்சைக்கு முன்னாடியே போணுமாம்மா?” என்றாள். அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

கிளினிக்கில் என்னோடு வேலை செய்கிற பெண்தான், கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, பெண்கள் யார் போனாலும் உதவி செய்வார்கள், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை என்றாள். எனக்குக் கோர்ட் என்றாலே பயம். ஆனாலும் எங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு விடுப்பு நாளில் போனேன்.

அந்த ஒப்பந்தம் இருந்ததே எங்கள் நல்ல நேரம். அதற்கு முன்பெல்லாம் வாய்ப்பேச்சுதான். அதற்கு முந்தின வருடம் என் கணவருக்குத் துறைமுக நுழைவு அட்டை புதுப்பிக்க முகவரிச் சான்று கேட்டார்கள். அதற்காக முறைப்படி எழுதிப் பதிவு செய்தோம். “நமக்குள்ள இன்னாத்துக்குடி இதெல்லாம்” என்று அலுத்துக்கொண்டேதான் அக்கா கையெழுத்துப் போட்டார்.

சட்ட உதவி மையத்தில் இருந்த வக்கீல் சின்ன வயதுப் பெண். ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தார்.

“ரெண்டு வருஷத்துக்குப் போட்டிருக்கீங்க. இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு. வருஷத்துக்கு அஞ்சு சதவீதம் ஏத்தலாம்னு எழுதியிருக்கு. அப்ப அவ்வளவுதான் ஏத்த முடியும். நடுவுல இஷ்டத்துக்கு ரெண்டு மடங்கு கேக்கறதுக்குச் சட்டத்துல இடமில்லை. வீட்டைக் காலி பண்ண வைக்கணும்னாலும் அதுக்குன்னு முறை இருக்கு.”

“அப்ப நாங்க என்னம்மா பண்ணணும்?”

“முதல்ல, வாடகையை நிறுத்திடாதீங்க. கோபத்துல நிறைய பேர் செய்யற தப்பு அதுதான். ஒப்பந்தத்துல இருக்கிறபடி ஏத்தி, தேதி தவறாம பேங்க்ல போடுங்க. தண்ணி, கரண்ட் எதையாவது நிறுத்தினா உடனே வந்து சொல்லுங்க. வீட்டுக்காரருக்கு அந்த உரிமை கிடையாது.”

வெளியே வந்தபோது கால் தரையில் பட்டது போல் இருந்தது. அத்தனை நாளும் படாமலேயே நடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றே அக்காவிடம் போய்ப் பேசினேன். ஒப்பந்தத்தில் உள்ளபடி ஏற்றித் தருகிறோம், மகளின் பரீட்சை முடியட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன். வாசல் வரை வந்த அக்கா, “சட்டம் பேசறீங்களா? பேசுங்க, பேசுங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாதம் பிறந்தது. வாடகையை ஏற்றிப் பேங்கில் போட்டேன். மறுநாள் காலை குழாயைத் திறந்தால் கொஞ்சம் இருமியது, பிறகு நின்றுவிட்டது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் சுவிட்ச் அக்காவின் சமையலறையில் இருந்தது.

என் கணவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “பச்சத் தண்ணிய நிறுத்தறது இன்னா நியாயம்? இன்னிக்கே போய் மனு குடு” என்று சத்தம் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். தெருக் குழாயில் பிடித்து வரலாம் என்று நான் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படி திரும்புகிற இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் குடம் இருந்தது. இரண்டும் நிறைய தண்ணீர். தூசி விழாமல் மேலே எவர்சில்வர் தட்டுப் போட்டு மூடியிருந்தது.

யாரோ வைத்துவிட்டு மறந்துபோனார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தத் தட்டைப் பார்த்தேன். ஓரம் நசுங்கிய தட்டு. என் மகள் சின்ன வயதில் அக்கா வீட்டில் கீழே போட்டு நசுக்கியது.

மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். நான் தண்ணீரை எடுத்துக்கொண்டு, குடத்தைக் கழுவி அதே இடத்தில் கவிழ்த்து வைப்பேன். காலையில் அது நிறைந்திருக்கும். ஒரு நாள் சீக்கிரம் விழித்துவிட்டேன். அக்கா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு குடத்தை ஒவ்வொரு படியாக வைத்து வைத்து மேலே ஏற்றுகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்குவதும் கேட்டது. போய் வாங்கிக்கொள்ளலாமா என்று கதவு வரை போனேன். போனால் நாளையிலிருந்து வைக்கமாட்டார் என்று தோன்றியது. நின்றுவிட்டேன்.

இன்னொரு நாள், நான் கீழே என் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது. மகனோடு போனில். “நிறுத்திட்டேன்டா. மோட்டார் போடவே இல்ல. சத்தியமா போடல. கெளம்பிடுவாங்க, நீ கவலப்படாத” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு மனு போடாமலே இருந்திருப்பேன். ஆனால் மூன்று பேருக்கு இரண்டு குடம் எத்தனை நாளைக்குப் போதும்? தெருக் குழாயில் பிடித்ததைச் சேர்த்தும் துணி துவைக்கப் போதவில்லை. மகள் யூனிஃபார்மைத் துவைக்காமல் இரண்டு நாள் போட்டுக்கொண்டு போனாள். அந்த வாரக் கடைசியில் அக்காவின் மகன் வந்தார். ஆள் இளைத்து, தாடி வளர்ந்து இருந்தார். மேலே வரவில்லை. தெருவில் நின்றுகொண்டு, “மாசக் கடைசில சாமானெல்லாம் எடுத்து வெளிய வெச்சிடுவேன், சொல்ட்டேன்” என்று கத்திவிட்டுப் போனார். என் மகள் புத்தகத்தை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தைத் திருப்பவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் வக்கீலம்மாவிடம் போனேன்.

வாடகை அதிகாரிக்கு மனு எழுதிக் கொடுத்தார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதில் நான் ‘மனுதாரர்’. அக்கா ‘எதிர்மனுதாரர்’. அந்தச் சொல்லைப் பார்த்ததும் பேனா நகரவில்லை. “கையெழுத்து கீழ போடணும்” என்று அவர் விரல் வைத்துக் காட்டினார். இடம் தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. தபால்காரர் காட்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டதை மாடியிலிருந்து பார்த்தேன். மறுநாள் காலை குடம் இருக்காது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். இருந்தது.

விசாரணை நாள் வந்தது. என் கணவருக்குக் கப்பல் வந்திருந்தது, விட முடியவில்லை. வக்கீலம்மா நேரே தண்டையார்பேட்டை பக்கம் உள்ள அலுவலகத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். “ஒருவேளை அவங்க வரலைன்னா நமக்கு இன்னும் சுலபம். அவங்க தரப்பைக் கேக்காமலே முடிஞ்சிடலாம்” என்றும் சொல்லியிருந்தார்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு தெரு முனைக்கு வந்தேன். அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தார். பெட்டியில் மடித்து வைத்திருந்த பச்சைப் புடவை, மடிப்புக் கலையாமல். கையில் ஒரு பை, அதில் வீட்டுப் பத்திரம் துருத்திக்கொண்டிருந்தது. போகிற ஆட்டோவையெல்லாம் கை காட்டி நிறுத்தி, பேரம் பேசி, அது போய்விட, அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வருவார் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

நான் நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் போய்விட்டேன். வக்கீலம்மா சொன்னது மனதில் ஓடியது. வராவிட்டால் நமக்குச் சுலபம். கொஞ்ச தூரம் போனதும் வண்டிக் கண்ணாடியைப் பார்த்தேன். அக்கா ஒரு கையால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு குனிந்து நின்றார்.

வண்டியைத் திருப்பினேன்.

“ஏறுங்கக்கா.”

“வேணாம். நீங்க போங்க.”

“ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான போறோம்.”

“கேஸ் போட்டவங்க வண்டியில குந்திகினு போனா பாக்கறவன் சிரிக்க மாட்டான்?”

“சிரிக்கட்டும். நீங்க வராம போனா உங்க பேச்சக் கேக்காமலே முடிச்சிடுவாங்க. அப்புறம் வருத்தப்படுவீங்க.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதில் ஏதாவது சூது இருக்கிறதா என்று யோசித்திருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் யோசித்திருப்பேன். பிறகு பக்கத்துக் கடைப் படியில் கால் வைத்து, மெல்ல ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தார். வண்டியில் என் கணவரின் ஹெல்மெட் இருந்தது. அதைப் போட்டுவிட்டேன். கொண்டைக்கு மேல் ஏறாமல் தலையில் பானை கவிழ்த்ததுபோல் நின்றது. இருவருக்குமே சிரிப்பு வந்திருக்க வேண்டிய நேரம். இருவருமே சிரிக்கவில்லை.

பத்திரப் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். என் மேல் கை வைக்கவில்லை. பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தேரடி தாண்டும் வரை ஒரு வார்த்தை இல்லை. டோல்கேட்டுக்கு முன்னால், துறைமுகத்துக்குப் போகிற ஒரு டிரெய்லர் லாரி வலது பக்கம் ஒட்டிக்கொண்டு வந்து, காது கிழிகிற மாதிரி ஹாரன் அடித்தது. நான் தடுமாறிவிட்டேன். அக்காவின் இரண்டு கையும் என் தோளை இறுக்கிப் பிடித்தது.

“ஏய், பாத்துப் போடீ! இன்னா அவசரம்? புள்ள பரீட்ச எழுதணும், உனுக்கு எதுனா ஆச்சுன்னா அது இன்னா பண்ணும்?”

எனக்குக் கண்ணை மறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளித் துடைத்துக்கொண்டேன். “தூசு விழுந்துருச்சாடி?” என்றார் அக்கா. ஆமாம் என்றேன். மறுபடி வண்டியை எடுத்தபோது அவர் கை என் தோளிலேயே இருந்தது. அலுவலகம் வரும் வரை எடுக்கவில்லை.

வாசலில் காத்திருந்த வக்கீலம்மா, நான் அக்காவைக் கைபிடித்து இறக்குவதைப் பார்த்தார்.

“கூட யாரு, உங்க சொந்தக்காரங்களா?”

“இல்லம்மா. எதிர்மனுதாரர்.”

அவர் கையிலிருந்த கோப்பைத் திறந்து, மனுவில் இருந்த பெயரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். ஒப்பந்தத்தையும் மனுவையும் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். “திடீர்னு ரெண்டு மடங்கு ஏன்மா கேட்டீங்க?”

“பையன் கேக்கச் சொன்னான் சார்.”

“வீடு யார் பேர்ல இருக்கு?”

“என் பேர்லதான்.”

“அப்ப உங்களுக்கு என்ன தேவைன்னு நீங்க சொல்லுங்க.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி காத்திருந்தார். பிறகு அடுத்ததைக் கேட்டார். “மாடி வீட்டுக்குத் தண்ணியை நிறுத்தினீங்களா?”

“மோட்டார் போடல சார்.”

வக்கீலம்மா பேச எழுந்தார். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

“சார், மோட்டார் போடலதான். ஆனா தண்ணி குடுத்தாங்க. தெனமும் குடத்துல எடுத்துனு வந்து படியில வெச்சாங்க.”

அதிகாரி என்னையே பார்த்தார். “நீங்க எந்தப் பக்கம்மா பேசறீங்க?”

பக்கத்து மேஜையில் டைப் செய்துகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். வக்கீலம்மா மெதுவாக உட்கார்ந்தார்.

“நடந்ததச் சொன்னேன் சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அதிகாரி அக்கா பக்கம் திரும்பினார். “முட்டி வலி போல இருக்கு. நடக்கவே கஷ்டப்படறீங்க. குடத்தைத் தூக்கினு படியேறதுக்கு, அந்த சுவிட்சைப் போட்டிருக்கலாமேம்மா?”

“மோட்டார் போட மாட்டேன்னு பையன்கிட்ட சொல்ட்டேன் சார். அவன் போன் பண்ணிக் கேக்கறப்போ பொய் சொல்ல முடியல” என்றார் அக்கா. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “மேல புள்ள படிச்சிகினு கீது. தண்ணி குடுக்காமயும் இருக்க முடியல.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு இருவருக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் அதில் எழுதியிருக்கிற அளவுதான் வாடகை ஏறும். இன்றிலிருந்து மோட்டார் போட வேண்டும். சாமானைத் தூக்கி வெளியே வைக்க யாருக்கும் உரிமை கிடையாது, மகனுக்கும் கிடையாது. ஒப்பந்தம் முடியும்போது கூடுதல் வாடகை வேண்டுமென்றால், மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, இருவரும் பேசிப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். “உங்களுக்கு வாடகை கட்டுப்படியாகலைன்னா அதைக் கேக்கறதுக்கும் வழி இருக்கும்மா. இங்கயே வந்து கேக்கலாம். மிரட்டித்தான் கேக்கணும்னு இல்ல” என்றார் அக்காவிடம். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

திரும்பி வரும்போது ஒரு மோர்க்கடையில் நிறுத்தினேன். அக்கா வண்டியிலேயே உட்கார்ந்து மோரைக் குடித்தார். பாதி குடித்ததும் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார்.

“அவனுக்கு வேல போயி எட்டு மாசமாவுதுடி.”

என் டம்ளரைக் கடைப் பலகையில் வைத்தேன்.

“கம்பெனில ஆளக் கொறச்சிட்டாங்க. வெளிய சொல்லாதம்மான்னு அழுவறான். அங்க அவன் வூட்டுக்காரன் வாடகய ஏத்திட்டான், குடுக்க முடியல. எங்கிட்ட இருந்த நகையெல்லாம் பேங்குக்குப் போய்டுச்சு. இனி இன்னா கீது, இந்த மாடிதான்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொல்லியிருந்தா நீ குடுத்திருப்ப. காதுல கெடக்கறதக் கழட்டியாவது குடுத்திருப்ப. அதான் சொல்லல.” கொஞ்சம் நிறுத்தி, “வாடகன்னு கேட்டா கை நீட்டுன மாதிரி இருக்காதுன்னு நெனச்சேன்” என்றார்.

அந்தக் கடைக்கு முன்னால் வரிசையாக லாரிகள் நின்றிருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் முடியாததைச் சொல்லிவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது. “ரெட்டிப்பா குடுக்க எங்களால முடியாதுக்கா. நெசமாவே முடியாது” என்றேன். “அது தெரியும்டி” என்றார். “கேக்கறப்பவே தெரியும்.”

வீட்டுக்கு வந்து நான் படியேறி உள்ளே போவதற்குள் கீழே மோட்டார் சத்தம் கேட்டது. அன்றைக்குத் தொட்டி நிரம்பி, மாடியெல்லாம் வழிந்து, தெருவில் ஓடியது. அக்கா நிறுத்தவே இல்லை. பள்ளியிலிருந்து வந்த மகள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் அந்தத் தண்ணீரில் போய் நின்றாள்.

அக்காவின் மகன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். மாடிக்கு வந்து வாசலிலேயே நின்றார். அன்று தெருவில் நின்று கத்தியவர்தானா என்று இருந்தது. “அண்ணே...” என்று என் கணவரிடம் ஏதோ ஆரம்பித்தார், முடிக்கத் தெரியவில்லை. என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “வா நைனா, டீ சாப்ட்டு வரலாம்” என்று தோளில் கை போட்டுக் கூட்டிப் போனார். இருவரும் கடற்கரைப் பக்கம் போய் வெகுநேரம் கழித்து வந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல. கப்பல் வராத மாசத்துல நான் எப்டி கீறன்னு சொன்னேன். அவன் கேட்டுகினு இருந்தான்” என்றார்.

ஏதோ ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். துறைமுகத்தில் அவருக்கு வேலை கேட்டுப் பார்த்தார் என் கணவர், கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் அங்கே இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி குழந்தையோடு அம்மா வீட்டுக்கே வந்தார். இப்போது கால் டாக்ஸி ஓட்டுகிறார். நகை இன்னும் எல்லாம் மீளவில்லை. ஆனால் அக்கா தனியாகச் சாப்பிடுவதில்லை. பேரப்பிள்ளை மாடிக்கும் கீழுக்கும் ஓடுகிற சத்தத்தில் எங்களால் டிவி பார்க்க முடிவதில்லை.

என் மகள் பரீட்சை எழுதினாள், நல்ல மார்க். ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் அக்கா முறைப்படி மூன்று மாதம் முன்பே ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தார். பேரனின் நோட்டில் கிழித்த தாள். பிறகு எல்லோரும் அக்காவின் சமையலறையில் சுற்றி உட்கார்ந்து பேசினோம். அக்கா ஒன்று கேட்டார், நாங்கள் ஒன்று சொன்னோம். ஐந்து சதவீதத்தைவிடக் கொஞ்சம் கூடவே ஏற்றிக் கொடுத்தோம், எங்களால் தாங்க முடிகிற அளவுக்கு. எல்லோர் முன்னிலையிலும் எழுதிப் பதிவு செய்தோம். இந்தத் தடவை அக்கா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

இப்போது கிளினிக்கில் பல்வலியோடு வருகிறவர்கள்கூட, காத்திருக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார் என்று என்னிடம் புலம்புவார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், வாடகையை நிறுத்தாதீர்கள், மிரட்டினால் பயப்படாமல் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். அதெல்லாம் சொல்லி முடித்த பிறகு இன்னொன்றும் சொல்லத் தோன்றும், வார்த்தை வராமல் விட்டுவிடுவேன். அந்தக் காலையில் அக்காவைப் பார்த்தும் பார்க்காததுபோல் நான் போயிருந்தால் சட்டப்படி எனக்கு வீடு கிடைத்திருக்கும்தான்; ஆனால் அந்த வீட்டுக்குள் போவதற்கு, கீழ் வீட்டு வாசலைத் தலைகுனியாமல் தாண்ட என்னால் முடிந்திருக்காது.